மஞ்சள் துணியும் நான்கு பெயர்களும்

குரு முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கோடன் எதிரில் வந்து உட்கார்ந்தான். கையில் அலுவலகக் கோப்பு ஒன்று இருந்தது.

“குருவம்மா, ஒரு கேள்வி.”

“கேள். கேட்டுக்கொண்டே கீரையையும் ஆய்.”

அவன் கீரையைத் தொடவில்லை. “தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் அரசு அதற்கு விதி போடலாமா, கூடாதா?”

“நீதானே போட்டாய்?”

அவன் தலைகுனிந்தான். பரிசல் ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளை அவன். அந்தக் கரையில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இப்போது அரசு அலுவலகத்தில் விதிகளை எழுதிக்கொடுக்கிற எழுத்தர்.

“அதில் என் தப்பு எது என்று இன்னும் புரியவில்லை, அம்மா.”

“நடந்ததைச் சொல்.”

“பரிசல் துறையைக் குத்தகைக்கு எடுத்தவரோடு தகராறு வந்தால் பரிசல்காரர்கள் ஓட்ட மாட்டார்கள். ஆனால் அக்கரை ஆஸ்பத்திரிக்கு யாராவது போக வேண்டியிருந்தால், கரைக் கம்பத்தில் மஞ்சள் துணி கட்டுவோம். பார்க்கிறவர் யாராவது வந்து ஓட்டுவார். கூலி வாங்க மாட்டார். யார் ஓட்டியது என்று மற்றவர்களும் கேட்க மாட்டார்கள்.”

“நல்ல வழக்கம்தானே.”

“யாரும் வராமலும் போகலாமே என்று பயந்தேன். அதனால் விதியில் எழுதினேன். அவசரத்துக்கு ஓட்டப்போகிற நான்கு பேர், வேலைநிறுத்தத்துக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும் என்று. காத்தமுத்து மாமாதான் முதலில் கொடுத்தார். ‘மாப்ளே எழுதுனா சரியாத்தான் இருக்கும்’ என்று சொல்லி மற்ற மூன்று பேரையும் அவரே கூட்டிவந்தார்.”

காத்தமுத்து அவன் அக்கா பவளாயியின் கணவர்.

“பிறகு?”

“வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றே யாரையாவது பிடிக்க வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவு. கையில் இருந்தது அந்த நான்கு பெயர்தான். அந்த நான்கு பேரையும் பிடித்துப் போனார்கள்.”

குருவின் கை நின்றது.

“மூன்றாம் நாள் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. துணி கட்டினேன். கரையில் முப்பது பேர் நின்றார்கள். ஓட்டினால் போலீஸ் பெயர் எழுதிக்கொள்ளும் என்று ஒருவரும் துடுப்பை எடுக்கவில்லை.”

“நீ?”

“எனக்கு ஓட்டத் தெரியாது, அம்மா. படிக்கிற பிள்ளை என்று அக்கா என்னைத் துடுப்பைத் தொடவே விட்டதில்லை.”

கோப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். “அக்கா போய்விட்டாள். குழந்தையும் போய்விட்டது.”

குரு கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

“விதியே போட்டிருக்கக் கூடாது. அப்படித்தானே?”

“விதி எதுவும் இல்லாத காலத்தில் எனக்கு ஏழு வயது. அதே கம்பத்தில் என் அம்மாவுக்காகத் துணி கட்டினார்கள். பொழுது சாயும்வரை பறந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் வேறு யாராவது போவார்கள் என்று இருந்துவிட்டார்கள்.”

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தான். இதை அவர் அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

“அப்படியானால் எதுதான் சரி?”

“அந்தக் கோப்பில் என்ன?”

“புது விதி. இனி வேலைநிறுத்தமே கூடாது என்று. மேலதிகாரி என்னையே எழுதச் சொல்கிறார். ‘உங்க அக்கா செத்ததை முதல் வரியிலேயே போடுப்பா, அப்புறம் எவன் வாய் திறப்பான்’ என்கிறார். நாளைக்குள் கொடுக்க வேண்டும்.”

“காத்தமுத்துவைப் பார்த்தாயா?”

“நேற்று விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனேன்.”

“என்ன சொன்னார்?”

“எழுந்து நின்றார். ‘உட்காருங்க சார்’ என்றார்.”

குரு கீரைத் தண்டுகளை ஒதுக்கினார்.

“நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள், அம்மா.”

“எழுதுவார்கள்.”

“நான் என்ன செய்யட்டும்?”

“அவர் உன்னை மறுபடி மாப்ளே என்று கூப்பிடுகிற அன்றைக்கு எழுது.”

“கூப்பிடாவிட்டால்?”

“கூப்பிட மாட்டார்.”