நடு அணுவுக்கு ஒரு மாற்றல் உத்தரவு

ஆராய்ச்சிக்கூட டைரக்டர் பூவராகனுக்குப் புரியாததெல்லாம் அடுத்தவர் செய்த தப்பு. அன்று எக்ஸ்ரே மிஷினை இயக்கும் செண்பகவடிவு மாட்டிக்கொண்டாள். இரும்புத்தூளில் பட்டுச் சிதறிய கதிர்களை மிஷின் சிகரம் சிகரமாக வரைந்திருந்தது.

"முதல் சிகரம் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கிறதே! மிஷினைக் கெடுத்துவிட்டாய். நாளை ஆய்வுக்குழு வருவதற்குள் அந்தச் சிகரம் வர வேண்டும். இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை."

"மிஷின் நன்றாக இருக்கிறது சார். இரும்பில் அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கின்றன. மூலைகளில் அணு, நட்டநடுவிலும் ஒன்று. மூலை அணு ஒவ்வொன்றும் எட்டுப் பெட்டிக்குப் பொது என்பதால், ஒரு பெட்டிக்கு எட்டு மூலையும் சேர்ந்து ஒரே அணுக் கணக்குதான்; நடுவிலும் ஒன்று, பலம் சமம். அந்த இடத்தில் மூலையின் அலை ஏறும்போது நடுவின் அலை இறங்குகிறது. மிச்சம் ஒன்றுமில்லை."

"கதை வேண்டாம், சிகரம் வேண்டும்."

"அப்படியானால் நடு அணுவை வேறு இடத்துக்கு மாற்றி ஆர்டர் போடுங்கள் சார். நான் சொன்னால் அது கேட்குமா?"

"நான் சொன்னால் கேட்கும்!" பூவராகன் உடனே டைப் அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டவைத்தார்.

மறுநாள் ஆய்வுக்குழுத் தலைவி வரைபடத்தைப் பார்த்தார். மொட்டை இடம் மொட்டையாகவே இருந்தது. "இரும்புக்கு இப்படித்தான் வர வேண்டும். மிஷின் அருமை" என்றவர், பலகையில் இருந்ததை இரண்டு தரம் படித்தார்.

"டைரக்டர் சார், அணுவை எந்த ஊருக்கு மாற்றியிருக்கிறீர்கள்?"

பூவராகன் செண்பகவடிவைப் பார்த்தார்.

"அது ஆர்டரை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது மேடம்" என்றாள் அவள்.

அந்த மாதமே அங்கிருந்து ஒருவர் மாற்றலாகிப் போனார். நடு அணு இருந்த இடத்திலேயே இருக்கிறது.