மஸ்கட் அண்ணனின் மனை

மரகதத்துக்கு எப்போதுமே சந்தேகப் புத்தி. கோவில்பட்டியில் தையல்கடை வைத்திருக்கும் அவள், கடைக்காரன் அளந்து கொடுத்த லைனிங் துணியை வீட்டுக்கு வந்து மறுபடி அளப்பாள். அப்பேர்ப்பட்டவள் வாடகை வீடே வேண்டாமென்று, போட்டிருந்த நகையை விற்று மனை வாங்கக் கிளம்பினால் லேசில் விடுவாளா?

மனை மஸ்கட்டில் குடும்பத்தோடு இருக்கும் ஒருவருடையது. அதை விற்கும் அதிகாரத்தைத் தம்பி செண்பகராமனுக்கு முன்பே பவர் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்திருந்தார். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், பவர் எல்லாம் பார்த்த வக்கீல், குறையே இல்லை என்றார். மரகதத்தின் கணவர் அருணகிரிக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. பங்காளித் தகராறு வருமா என்று கேட்டாள். செண்பகராமன் சிரித்தான். அப்பா அம்மா போய் வெகுகாலமாகிறது, அண்ணனை விட்டால் பங்காளி என்று ஒருவரும் கிடையாது என்றான்.

தீபாவளிக்கு மறுநாள் அட்வான்ஸோடு இருவரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். தெருவெல்லாம் வெடிக் காகிதம். அவன் வாசலில் மட்டும் ஒரு துணுக்குக்கூட இல்லை. மரகதம் நீட்டிய அதிரசத்தை அவன் மனைவி ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

"நாங்க இந்த வருசம் பலகாரத்துக்குச் சட்டி வைக்கலக்கா."

மரகதத்துக்கு என்னவோ உறுத்தியது. மஸ்கட்டில் எல்லாரும் சுகமா என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஓரகத்தியும் பிள்ளைகளும் நல்லா இருக்காக" என்றவள், செண்பகராமன் இருமியதும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மரகதம் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தெருவுக்கு வந்ததும் அவள் சட்டி விஷயத்தை எடுக்க, நல்ல மனை கைநழுவிப் போகிறதே என்று அருணகிரிக்கு ஆத்திரம்.

"அவுக சட்டி வைக்காததுக்கும் சொத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

பத்திரத்தை நம்பிய அருணகிரி சரியா, எழுந்து வந்த மரகதம் சரியா? அவள் கண்டுகொண்டது என்ன?

விடை: பங்காளி இறந்தால் அந்த வருடம் பண்டிகைக்குப் பலகாரம் சுடமாட்டார்கள். செண்பகராமனுக்கு இருந்த ஒரே பங்காளி அண்ணன் குடும்பம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமென்றால், போனது யார்? எழுதிக் கொடுத்தவர் இறந்ததுமே பவர் செல்லாமல் போகும். மனை இனி அந்த அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும்தான். வக்கீல் பொய் சொல்லவில்லை. வில்லங்கச் சான்றிதழில் கடன் ஏறும், கிரயம் ஏறும், சாவு ஏறாது. அண்ணன் உயிரோடு இருப்பதாக டாக்டர் சான்று கொண்டுவந்தால் பணம் தருவதாக மரகதம் சொல்லியனுப்பினாள். செண்பகராமன் அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. அடுத்த மனை பார்க்கக் கிளம்பியபோது, அதிரசத்தை மறக்காமல் கட்டி எடுத்தது அருணகிரிதான்.