உன் இஷ்டம்

"எந்த வேலையும் மாட்டேன்னு சொன்னதில்லை சாமி. சொன்னதைச் செய்யறேன். அப்படியும் எரிஞ்சு விழறா. இப்போ தனியாப் போய் இருந்துக்கறேன்னு பெட்டியை எடுத்து வெச்சிருக்கா."

வைத்திலிங்கம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. மனைவி செண்பகவல்லியைச் சமாதானப்படுத்தத் தெரியாமல், காலையில் பஸ் ஏறி மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்திருந்தார்.

சாமி அவரைவிட வயதில் சின்னவர். "கல்யாணமான புதுசில எப்படி?" என்றார்.

"அப்போ ரெண்டு பேருமே வேலைக்குப் போனோம். 'இன்னிக்கு என்ன சமைக்கலாம்'னு கேட்பா. 'உன் இஷ்டம்'னு சொல்லிடுவேன். பையன் பிறந்ததும் அவ வேலையை விட்டா. அப்புறம் கேட்கிறதையும் விட்டுட்டா. வீடு மொத்தமும் அவ ராஜ்ஜியம். நான் தலையிட்டதே இல்லை."

சாமி எழுந்தார்.

"சமையல்காரர் ஊருக்குப் போயிருக்கார். இன்னிக்கு அடுப்பங்கரை உங்க பொறுப்பு. நான் கூடமாட இருக்கேன்."

வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்ன காய் நறுக்கட்டும்?" என்றார் சாமி.

"கத்திரிக்காய்."

"நீளமாவா, துண்டாவா?"

"எப்படியோ நறுக்குங்க சாமி."

"சொல்லுங்க."

"நீளமா."

"நறுக்கினதை எதுல போடட்டும்?"

பருப்புக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு யோசனை அறுந்தது. அதை மறுபடி பிடிப்பதற்குள் அடுத்த கேள்வி.

"மோர் கடையணுமா?"

திரும்பினால், சோற்றுப் பானை பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. சாமி பக்கத்திலேயே கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க! தீயைக் குறைக்கக் கூடாதா?"

"நீங்க சொல்லலையே."

"இதைக்கூடவா சொல்லணும்? எல்லாத்தையும் நானே யோசிக்கணும்னா, நீங்க எதுக்கு இங்கே நிக்கறீங்க?"

கத்திய பிறகுதான், கையில் கரண்டியை ஓங்கியிருப்பதைப் பார்த்தார். மெல்ல இறக்கினார்.

சாமி முகம் மாறவில்லை.

"எந்தத் துணியால துடைக்கட்டும்?"

வைத்திலிங்கம் ஒரு துணியை எடுத்தார். தானே குனிந்து துடைத்தார்.

சாயங்காலம் ஊர் திரும்பியதும் காய்கறிக் கடையில் நின்றார். செண்பகத்திடம் கேட்கலாம் என்று போனை எடுத்தவர், அழுத்தாமல் அப்படியே நின்றார்.

"என்ன சார் வேணும்?" என்றாள் கடைக்காரம்மா.

"தெரியலைம்மா."

வெறும் பையோடு வீட்டுக்குப் போனார். நேராக அடுப்பங்கரைக்குள் நுழைந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார்.

செண்பகவல்லி வாசற்படியில் வந்து நின்றாள். "என்ன தேடறீங்க? சொல்லித் தொலைங்க, எடுத்துத் தர்றேன்."

"எதையும் தேடலை," என்றார். "என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பார்க்கறேன்."