தணிகாசலம் அழித்த பட்டியல்

ஒரு கம்பெனி ‘சிட்டு’ என்றொரு டெக்ஸ்ட் எடிட்டரை, கம்ப்யூட்டரில் எழுதித் திருத்தும் மென்பொருளை, விற்றது. அதைப் பற்றி எல்லோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும் கொண்ட ஒரு பொதுப் பட்டியல் இருந்தது. யாரும் அதில் எழுதலாம். சரிபார்ப்பது கான்ட்ராக்டில் இருந்த இசக்கியின் வேலை.

புது மேலாளர் தணிகாசலத்துக்கு ஒரு இடத்தில் நிற்க முடியாது. பெரிய திரைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி கத்தினார்.

“இருநூறு கேள்வியா? நம்ம சரக்கு கஷ்டம்னு நாமளே தம்பட்டம் அடிக்கிறதா? சின்னப் பிள்ளைகூட ஓட்டும்மா இதை! மூணு மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க. அதுக்குள்ள பட்டியலை அழி. நாளையிலிருந்து நீயும் வர வேண்டாம்.”

“பல பேர் எழுதினது சார். அதிகாரம் உள்ள நீங்களே அழிச்சிடுங்க” என்று இசக்கி நாற்காலியை விட்டு எழுந்தாள். பட்டியலும் சிட்டுவில்தான் திறந்திருந்தது.

தணிகாசலம் ஒரே மூச்சில் அழித்தார். திரை வெறுமையானது. சிட்டுவை மூடப் பார்த்தார்; முடியவில்லை. எஸ்கேப்பை அமுக்கினார், என்டரைக் குத்தினார். அசையவில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

“ஏம்மா, இதுலேர்ந்து எப்படி வெளியே வர்றது?”

“பட்டியல்ல முதல் கேள்வியே அதுதான் சார்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது.

“சரி, அழிச்சதையாவது எப்படித் திரும்பக் கொண்டுவர்றது?”

“அது ரெண்டாவது சார். ரெண்டுக்கும் பதில் எனக்கு மனப்பாடம். என்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி இருக்கு. நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா?”