மூன்று நிறப் புறாவும் ஒரே மொட்டைமாடியும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கருங்கரட்டுச் சீமையை விருதுராஜ பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் சபையில் கைதட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்களில் எங்கள் முப்பாட்டனும் ஒருத்தர். ஆகையால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. புத்தியாகச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அடுத்த வீட்டில் கேளுங்கள்.

அந்தச் சீமையில் சேதி போவதெல்லாம் புறாக் காலில்தான். வெள்ளைப்புறாக் கடை கிழக்குத் தெருவில், சாம்பல்புறாக் கடை மேற்குத் தெருவில், புள்ளிப்புறாக் கடை தெற்குத் தெருவில். மூன்று கடையும் ஒரே நாள் காலையில் கூலியை ஏற்றும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஓலை விட்டால், கருமாதிச் சாப்பாடு முடிந்து இலை எடுக்கும்போது வந்து சேரும்.

ராஜாவுக்கோ பெருமை தாங்காது. "மூன்று பேர் முட்டி மோதுகிறார்கள் ஐயா! என் நாட்டில்தான் அசல் போட்டி!" என்பார்.

வருஷாவருஷம் அவர் பிறந்தநாளில் புறாப் பந்தயம். நடுவர் ராஜாவேதான். ஆனால் பந்தயம் ஊருக்கு வெளியே நடக்கும். வெயில் ஆகாது என்று ராஜா சபையிலேயே இருந்துகொள்வார். புறாக் கடைகளை மேற்பார்க்கிற தூது விசாரணை அதிகாரி தாண்டவராயர் வந்து யார் ஜெயித்தது என்று சொல்வார், ராஜா மாலை போடுவார், எங்கள் முப்பாட்டன் கைதட்டுவார்.

அந்த வருஷம் மலையடிவாரத்திலிருந்து வடிவாயி என்ற பெண் தன் புறாக்களோடு வந்து, பாதிக் கூலிக்குச் சேதி அனுப்ப ஆரம்பித்தாள். பந்தய நாளன்று தாண்டவராயர் அவள் கூண்டைப் பிடுங்கிக் கொடுத்தனுப்பிவிட்டு நேரே சபைக்கு வந்தார்; பின்னாலேயே வடிவாயியும் ஓடிவந்தாள்.

"மகாராஜா, ஏற்கெனவே மூன்று கடை. நாலாவதும் வந்தால் வானத்தில் நெரிசல் ஆகிவிடும். இவள் புறாக்களைப் பறிமுதல் செய்து சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டேன். பிறந்தநாள் விருந்துக்கு ஆயிற்று."

"பேஷ்! மிளகு தூக்கலாக இருக்கட்டும்!" என்றார் ராஜா.

வடிவாயி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "ஐயோ சாமி! குஞ்சிலேருந்து தீனி ஊட்டி வளர்த்தேனே! அதுங்கதான் என் பிழைப்பு!"

ராஜாவுக்கு மனசு கொஞ்சம் ஆடியது. அமைச்சர் செவ்வந்தியப்பர் பக்கம் திரும்பி, "என்ன ஐயா சொல்கிறீர்?" என்றார்.

"போட்டி விஷயத்தில் தங்களுக்கு நான் என்ன சொல்ல, பிரபு! முதலில் பரிசளிப்பை முடித்துவிடலாம். பந்தயத்தில் பறந்த புறாக்கள் பாவம், இங்கே கூண்டில் கிடக்கின்றன. தூதுப்புறா எங்கே விட்டாலும் வளர்ந்த கூட்டுக்குத்தான் போகும். தங்கள் கையாலேயே திறந்துவிட்டால் மூன்று தெருவுக்கும் மூன்று நிறமாகப் பறக்கிற அழகை ஊரே பார்க்குமே!"

தாண்டவராயர் கூண்டுகளை மறித்து நின்றார். "வேண்டாம் பிரபு! அதுகளுக்கு... ஜலதோஷம்!"

"நடுவர் நானா, நீயா?" என்று எழுந்துபோய் மூன்று கூண்டையும் திறந்துவிட்டார் ராஜா.

புறாக்கள் மேலே எழும்பி ஒரு வட்டம் அடித்தன. கிழக்கே ஒன்றுகூடப் போகவில்லை, மேற்கே ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் சேர்ந்து அரண்மனைக்கு எதிரே இருந்த ஒரே மொட்டைமாடியில் போய் இறங்கின. ஒரு வேலைக்காரி வந்து, மூன்று நிறத்துக்கும் ஒரே முறத்திலிருந்து தானியம் இறைத்தாள்.

"தாண்டவராயரே, அது யார் வீட்டு மாடி?" என்றார் ராஜா.

"அது... காற்று இன்றைக்கு அந்தப் பக்கமாக அடிக்கிறது பிரபு..."

ராஜா சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபப்படப் போகிறார் என்று எல்லோரும் நடுங்கினால், மனுஷர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்! "மூன்று கடையும் உன்னுடையதுதானா! உன்னோடு நீயே ஓடியிருக்கிறாய். விசாரணை அதிகாரியும் நீயே. உனக்கே வருஷாவருஷம் மாலை போட, கிரீடம் வைத்த முட்டாள் ஒருத்தன்! ஏன் அமைச்சரே, உமக்கு எப்படித் தெரிந்தது?"

"என் வீடு அவருக்கு அடுத்த வீடு பிரபு. மூன்று நிறப் புறாவின் எச்சத்தையும் தினமும் கழுவுகிறவன் நான்."

"முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"போன வருஷமே சொன்னேன். கைதட்டுகிற சத்தத்தில் தங்கள் காதில் விழவில்லை."

எங்கள் முப்பாட்டன் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மூன்று கடையும் ஒட்டு உறவில்லாத மூன்று பேருக்குப் போகும். கோட்டையில் இருக்கிற ராஜாவின் புறாமாடத்தில் இனி யார் புறாவும் குடியிருக்கலாம். கடை வைத்திருப்பவன் விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. பிறகு மாலையைக் கையில் எடுத்து, "வா அம்மா வடிவாயி!" என்றார்.

"மாலை கெடக்கட்டும் சாமி! மொதல்ல அடுப்பை அணைக்கச் சொல்லுங்க!"

அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மாலையும் கையுமாக, கிரீடம் காதில் தொங்க ராஜாவே சமையல்கட்டுக்கு ஓடினார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, சமையல்காரர் கூண்டில் கையை விட்டிருந்தார். "விடு ஐயா, விடு!" என்று ராஜா போட்ட சத்தத்தில் கரண்டி கீழே விழுந்தது. வடிவாயியின் புறாக்கள் ஜன்னல் வழியே கிளம்பி நேரே மலையைப் பார்க்கப் பறந்தன. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். விருந்துக்குக் கத்தரிக்காய் வறுவல்.

சாயங்காலம் அமைச்சர் வீட்டு மாடியில் தாண்டவராயர் தரையைத் தேய்க்க, ராஜா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். "கண்ணை மூடிக்கொண்டு நடுவராய் இருந்தவனுக்கும் தண்டனை வேண்டாமா?" என்றார்.

கீழே தெருவில் நின்று எங்கள் முப்பாட்டன் பழக்க தோஷத்தில் பலமாகக் கைதட்டினார்.

ராஜா எட்டிப் பார்த்தார். "அட, நீயா? மேலே வா. இன்னொரு துடைப்பம் இருக்கிறது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் கைதட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை மொட்டைமாடியைப் பார்த்துக்கொள்வோம்.