இட்லிக் கொப்பரைக்கு எந்த வாயு?

திருநெல்வேலிப் பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஆறுமுகநயினாருக்குத் தன் கைராசியில் அபார நம்பிக்கை. புது வேலை எது வந்தாலும் சூடம் காட்டி, முதலில் அவரே பற்றவைப்பார். மிச்சத்தை ஆட்கள் முடிப்பார்கள்.

ஒருநாள் ஓட்டல்காரர் ஒருவர் விரிசல் விட்ட அலுமினிய இட்லிக் கொப்பரையோடு வந்தார்.

வெல்டர் சுடலைவடிவு, "இதுக்கு ஆர்கான் வாயு வேணும், மொதலாளி. இரும்புக்கு விடுற கார்பன் டை ஆக்சைடு ஆகாது" என்றாள்.

"காத்துல என்ன பெரிய காத்து, சின்னக் காத்து? இருக்கிறதை வச்சு ஒட்டு. முடியலைன்னா நாளையிலேருந்து வராதே."

அவள் தகராறு செய்யவில்லை. சூடத்தை ஏற்றினாள்.

"ஒட்டிரலாம், மொதலாளி. புது வேலையாச்சே, முதல்ல நீங்கதான பத்தவைக்கணும்?"

ஓட்டல்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெல்டிங் டார்ச்சைப் பிடித்தார். பொறி பறந்தது. கரி அப்பியது. விரிசல் இருந்த இடத்தில் இப்போது விரல் நுழையும் ஓட்டை.

"ஆவி உள்ள நின்னாத்தான் இட்லி வேகும், அண்ணாச்சி. இது தெருவையே வேக வச்சிரும்" என்றார் ஓட்டல்காரர்.

சுடலைவடிவு பணிவாகக் கேட்டாள்: "மிச்சத்தையும் இதே மாதிரி முடிச்சிரவா, மொதலாளி?"

"வேண்டாம் தாயி!" அவர் ஆர்கான் சிலிண்டருக்குப் போன் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"காலையில வந்துரும். நீயும் சீக்கிரமா வந்துரு."