சுடர் இல்லாத விளக்கு

"நம்ம பல்கலைக்கழகச் சின்னத்துல இருக்கிற விளக்குன்னா, அணையாத அறிவு!" என்று மேடைதோறும் முழங்குவார் பதிவாளர் வேதநாயகம். மாணவிகளுக்கு மட்டும் ஆறு மணிக்கே நூலகத்தைப் பூட்டச் சொன்னவரும் அவரேதான். நியாயம் கேட்கப் போன மாணவி பூங்கோதையிடம், "பட்டமளிப்பு விழாவுக்கு அந்தச் சின்னத்தைக் குறையில்லாமக் கோலமாப் போடு, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

விழா மாலையில் சிறப்பு விருந்தினர் கோலத்தருகே நின்றுவிட்டார். "விளக்கு இருக்கு, சுடரைக் காணோமேம்மா?"

"குறையில்லாமப் போடச் சொன்னேனே!" என்று பதறினார் பதிவாளர்.

"குறையே இல்லீங்க சார்" என்றாள் பூங்கோதை. " பொண்ணுங்களுக்கு ஆறு மணிக்கே நூலகத்தைப் பூட்டிடுறீங்க. இப்ப மணி ஏழு. அறிவு எப்படி எரியும்?"

விருந்தினர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, சுடரைப் போடும்மா!" என்று பல்லைக் கடித்தார் பதிவாளர்.

மஞ்சள் பொடியை அள்ளிய பூங்கோதை நிமிர்ந்தாள். "நூலகச் சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

சாவி வந்தது. பிறகுதான் சுடர் வந்தது.